கத்திரிப்பூச் செல்லாண்டி

அவன் என்ன நிறமென்று
காதர்பேட்டையில் ஒருத்தருக்கும் தெரியாது.
ஞாயிறு பத்து மணிக்கு
கறுப்பு வெள்ளைப் பெட்டிக்குள் வருவான்.
மூன்று விரல், நெற்றியில் ஒரு துவாரம்,
ஆன்டெனா திரும்பினால் உடம்பெல்லாம் புள்ளிமழை.
'அண்டக் காவல்' என்ற அந்தத் தொடரில்
ஸெலாண்டர் என்று அவர்கள் கூப்பிட்டதை
செல்லாண்டி என்றே எங்கள் காது வாங்கியது.
ஊருக்கு ஊர் செல்லாண்டியம்மன் இருக்கிற சீமையில்
வானத்திலும் அவள் வகையறா ஒருத்தன் இருந்தால்
யாருக்கு என்ன நட்டம்?

"ஏம்புள்ள தெய்வா,
இவனப் பனியன்ல அடிச்சா ஓடுமா?"
என்றார் ராக்கியப்பண்ணன்.
அனுமதி யாரிடம் கேட்பதென்று தெரியாது.
தெரிந்துகொள்ள நாங்கள் மெனக்கெடவும் இல்லை.

பட்டறையில் சாயம் கலக்குவது என் வேலை.
பெல்ஜியம் போகவேண்டிய குழந்தைச் சட்டை
ஆர்டர் ரத்தாகி
இரண்டு வாளி கத்திரிப்பூ மிஞ்சிக் கிடந்தது.
அவ்வளவுதான் காரணம்.
ஸ்கிரீனைத் தூக்கினேன்:
வெள்ளைப் பனியனின் நெஞ்சில்
ஈரமாக, பளபளவென்று,
பிறந்த பிள்ளை மாதிரி கிடந்தான்.

மூன்று பனியன் வாங்கினால் ஒரு புஸ்தகம் இனாம்.
பதினாறு பக்கம், ஈரோட்டு அச்சு,
துருப்பிடித்த ஒற்றைப் பின்.
எழுதியது டைப்ரைட்டிங் சென்டர் வின்சென்ட் சார்.
அவருக்கும் அந்த இங்கிலீஷ் பிடிபடாது,
ஆனால் ஒத்துக்கொள்ள மாட்டார்.
வாயசைவைப் பார்த்தே கதை கட்டினார்.
தளபதிக்கு நிலவில் ஒரு வரப்புத் தகராறு வைத்தார்.
இரண்டாம் இதழில்
"செல்லாண்டி இனத்தாரின் ரத்தம் கத்திரிப்பூ நிறம்" என்று
என் வாளியைப் பார்த்தே எழுதினார்.
காங்கயத்துப் பையன் ஒருத்தன் கேட்டிருந்தான்:
செல்லாண்டி எங்கள் கிணற்றில் இறங்குவானா?
மூன்றாம் இதழில் பதில்:
தண்ணீர் இருந்தால்.

அந்த வாரம் சாயப்பட்டறை திறந்துவிட்டு
நொய்யலும் அதே நிறத்தில் போனது.
பாலத்துக் கைப்பிடியில் வரிசையாகப் பிள்ளைகள்.
"செல்லாண்டிக்கு அடிபட்டிருச்சுடா"
என்றான் ஒருத்தன். யாரும் சிரிக்கவில்லை.

புகாரும் வந்தது.
வியர்வைக்குச் சாயம் நிற்கவில்லை.
அவிநாசியிலிருந்து ஒரு பொம்பளை
மகனைத் தரதரவென்று இழுத்துவந்து
சட்டையைத் தூக்கிக் காட்டினாள்.
நெஞ்சில் மூன்று விரலும் துவாரமும் அப்படியே.
"நாலு நாளாத் தேய்க்கறனுங்க, போகமாட்டீங்குது."
அவன் முகத்தைப் பார்த்தேன்.
தேய்க்கும்போது மூச்சைப் பிடித்துக்கொண்டிருப்பான்,
போய்விடக் கூடாதென்று.

ஆறாவது இதழ் வரும் முன்னால்
முதலாளி சென்னியப்பன் வீட்டுக்குக் கலர் டிவி வந்தது.
சந்தனம் வைத்து, பூச் சுற்றி.
வாசல்வரை ஆள்.
பத்து மணி.
செல்லாண்டி வந்தான்,
சாம்பல் நிறத்தில்.
அடுப்புச் சாம்பல்.

சட்டென்று எல்லாத் தலையும்
என் பக்கம் திரும்பியது.
நான் என் விரல் நகத்தைப் பார்த்தேன்,
அதில் மட்டும் உண்மை கத்திரிப்பூவாக இருந்தது.

முன்வரிசையில் ஒரு வாண்டு எழுந்து
"டிவி ரிப்பேருங்கோவ்" என்றான்.
சென்னியப்பன் யோசித்தார்.
போய்க் குமிழைத் திருகினார்.
இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம்.
தளபதி கத்திரிப்பூ, விண்கலம் கத்திரிப்பூ,
இடையில் வந்த சோப்பு விளம்பரத்தில்
குளிக்கிற பெண்ணும் கத்திரிப்பூ.
"ம்ம், இப்பச் செரி" என்று
அவன் உட்கார்ந்தான்.

போன மாதம் கோயமுத்தூரிலிருந்து
ஒருத்தர் தேடி வந்தார்.
கண்ணாடித்தாள் உறைக்குள் மூன்றாம் இதழ்.
கையுறை போட்டே பக்கம் புரட்டினார்.
"இந்தக் கலர் அச்சுப் பிழைதானுங்களே?
பிழைன்னா விலை கூடும்."

இரட்டிப்பாம்.
வாய் திறக்க வந்தேன்.
வின்சென்ட் சார் ஞாபகம் வந்தது,
பெல்ஜியத்தில் எந்தக் குழந்தையோ
போடாமல் போன சட்டையும்.

"இல்லீங்க" என்றேன்.
"அவன் நெறமே அதுதானுங்க."